புற்றுநோய் கட்டியை காட்டிக்கொடுக்கும் 'குவாண்டம் புள்ளி': சிகிச்சைக்கு வந்தாச்சா?

உடம்பில் புற்றுநோய் கட்டி எங்கே ஒளிஞ்சிருக்கு என்பதை ஒளி வீசி காட்டும் நுண்துகள்தான் 'குவாண்டம் புள்ளி'. தலைமுடி தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

தயாரிப்பது எப்படி?

நன்றாக சூடேறிய திரவத்தில் காட்மியம், செலினியம் கலந்த ரசாயனத்தை சட்டென பீய்ச்சுவார்கள். குட்டி குட்டி படிகங்கள் உருவாகும். புறஊதா ஒளி பட்டால் சின்னது நீலமாகவும், பெரிசு சிவப்பாகவும் ஜொலிக்கும். 1993-ல் இந்த முறையை கொண்டுவந்த அமெரிக்க விஞ்ஞானி மவுங்கி பாவெண்டி உள்பட 3 பேருக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலியிடம் சோதனை

புற்றுநோய் செல்லை தேடிப்போய் ஒட்டும் 'ஆன்டிபாடி'யை புள்ளியோடு இணைத்து ஊசியில் ஏற்றுவார்கள். 2004-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எலிக்கு இப்படி செலுத்தினர். புராஸ்டேட் புற்றுநோய் கட்டி இருந்த இடம் பளிச்சென ஒளிர்ந்தது.

என்ன சிக்கல்?

காட்மியம் விஷம். மேல்பூச்சு கரைந்து கசிந்தால் கிட்னி, கல்லீரல் பாதிக்கும். அதனால் காட்மியம் இல்லாத கார்பன் புள்ளிகளை ஆராய்ந்து வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை.

எனவே 'குவாண்டம் வைத்தியம்' என்று யாராவது பணம் கேட்டால் ஏமாந்துடாதீங்க. ஆறாத புண், புது கட்டி இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்க. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.