தூக்க மாத்திரைப் பழக்கமும் கால்பந்து வீரரின் உரிமைகளும்

தொழில்முறைக் கால்பந்து வீரரின் கைக்குத் தூக்க மாத்திரை பெரும்பாலும் ஆட்டம் முடிந்த இரவில் வந்து சேர்கிறது. இங்கிலாந்தில் வாரநாள் ஆட்டங்கள் இரவு ஏழே முக்கால், எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணியை ஒட்டி முடிகின்றன. பிறகு காயங்களுக்குச் சிகிச்சை, பேட்டி, சாப்பாடு. வெளியூர் ஆட்டம் என்றால் பேருந்திலோ விமானத்திலோ ஊர் திரும்ப வேண்டும். படுக்கையில் சாயும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், ஆட்டத்தின் வேகமோ உடம்பில் அடங்கியிருக்காது. ஆட்டத்துக்கு முன் பலர் காஃபின் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பாதி உடம்பை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மறுநாள் காலை பயிற்சித் திடலுக்குப் போக வேண்டும், மூன்றே நாளில் அடுத்த ஆட்டமும் இருக்கலாம். இந்த நெருக்கடியில் ஒரு மாத்திரை தரப்படுகிறது, வீரர் தூங்கிவிடுகிறார். அடுத்த ஆட்டத்தன்று அதே மாத்திரையைக் கேட்பது அவருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. விடிந்ததும் மந்தம் தெளிய மறுபடி காஃபின், இரவில் மறுபடி மாத்திரை என்று சுழற்சி நிலைபெற்றுவிடுகிறது.

இதை வெளிப்படையாகப் பேசியவர்களில் அதிகம் கவனிக்கப்பட்டவர் டெலி அலி. டாட்டன்ஹாம் அணியின் நட்சத்திரமாக இருந்தவர். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக அரையிறுதி வரை ஆடியவர். எவர்ட்டன் கிளப்பில் இருந்தபோது, 2023 ஜூலையில் வெளியான முன்னாள் கால்பந்து வீரர் கேரி நெவிலுடனான நேர்காணலில், தூக்க மாத்திரைக்கு அடிமையாகி அமெரிக்காவில் ஆறு வாரம் மறுவாழ்வு மையத்தில் இருந்து திரும்பியதாகச் சொன்னார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையும் அன்று சொன்னார். தூக்கத்துக்காகத் தொடங்கிய மாத்திரை, மனவேதனையிலிருந்து தப்பிக்கப் பகலிலும் விழுங்கும் பொருளாக மாறியதை அவர் விவரித்தார். கால்பந்தில் இந்தப் பழக்கம் பலரும் நினைப்பதைவிடப் பரவலானது என்றும் எச்சரித்தார். மாத்திரை கொடுப்பவருக்கு வீரரின் தூக்கம் மட்டுமே தெரிகிறது. அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது என்ன என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. டெலி அலியின் அனுபவம் எழுப்பும் மிகப் பெரிய கேள்வி இதுதான்.

அந்தக் கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வீரர்களின் உலகளாவிய தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அப்போது ஆடிக்கொண்டிருந்த 607 பேரும் ஓய்வுபெற்ற 219 பேரும் பங்கேற்றார்கள். ஆடுபவர்களில் 38 விழுக்காட்டினர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். தூக்கக் கோளாறு ஆடுபவர்களில் 23 விழுக்காட்டினரிடமும், ஓய்வுபெற்றவர்களில் 28 விழுக்காட்டினரிடமும் இருந்தது. ஆட்ட வாழ்க்கை முடிந்தபின் தூக்கம் தானாகச் சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

பிரிட்டனில் வழங்கப்படும் தூக்க மருந்துகள் பெரும்பாலும் இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. டெமாஜெபாம் போன்ற பென்சோடயஜெபைன்கள் பழையவை. ஜோபிக்ளோன், ஜோல்பிடெம் ஆகியவை பின்னால் வந்தவை. இரண்டுமே மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகின்றன. பென்சோடயஜெபைன் தரும் தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைந்துபோகிறது. தசைகள் பழுதுநீங்கும் நேரம் அது என்பதால், உடம்பை நம்பிப் பிழைப்பவருக்கு இந்த இழப்பு சிறியதன்று. ஜோபிக்ளோனின் வழக்கமான அளவு படுக்குமுன் 7.5 மில்லிகிராம்; நான்கு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்பது பிரிட்டிஷ் மருந்து வழிகாட்டி விதிக்கும் வரம்பு. ஒரு கால்பந்துப் பருவமோ ஆகஸ்டில் தொடங்கி மே வரை நீள்கிறது.

நாள்தோறும் எடுக்கும்போது மூளை மருந்துக்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒன்று போதாமல் இரண்டு தேவைப்படுகிறது. நிறுத்தினால் முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு, வியர்வை வருகின்றன. இதை வீரர் தன் பழைய தூக்கமின்மை திரும்பியதாக எண்ணி மறுபடி மாத்திரையை எடுக்கிறார். பழக்கம் வேரூன்றுவது பெரும்பாலும் இந்தத் தவறான கணிப்பில்தான். நீண்ட நாள் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு மன உறுதியால் வென்றுகாட்டு என்று, உடைமாற்றும் அறையில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை உயிருக்கே ஆபத்தானது.

மறுநாள் காலை வரை தங்கும் மந்தம் அடுத்த அபாயம். ஜோபிக்ளோனின் பாதி அளவு உடலில் ஐந்து மணி நேரம் வரை தங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு விழுங்கியவர் காலை எட்டு மணிக்குக் காரோட்டிப் பயிற்சிக்குப் போவது, தனக்கும் சாலையில் போகிறவர்களுக்கும் ஆபத்து. 2015 மார்ச் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், டெமாஜெபாம், டயஜெபாம் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கக்கூடிய அளவைச் சட்டம் வரையறுத்துள்ளது. அந்தப் பட்டியலில் இல்லாத மருந்தானாலும், அதன் மயக்கத்தில் ஓட்டினால் அது குற்றமே. தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற நிகழ்வுகளுக்காக ஜோல்பிடெம் வகை மருந்துகளின் உறையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

மதுவோடோ, டிரமடால் போன்ற வலிநிவாரணியோடோ சேரும்போது இம்மருந்துகள் மூச்சையே அடக்கக்கூடும். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தே வரும் தொழில் இது என்பதால், இரண்டு வகை மாத்திரைகளும் ஒரே பையில் இருப்பது அரிதல்ல. லிவர்பூல், விகன் அணிகளின் முன்னாள் கோல்காப்பாளர் கிறிஸ் கர்க்லாண்ட், டிரமடாலுக்கு அடிமையாகி மீண்ட தன் கதையைப் பல மேடைகளில் சொல்லிவருகிறார். டிரமடாலை 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் தடைசெய்யப்பட்ட பொருளாக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அறிவித்தது. தூக்க மாத்திரைகள் அதன் பட்டியலில் இல்லை. வீரர் சிறுநீர்ச் சோதனையில் தேறியிருப்பதால் அவர் நலமாக இருக்கிறார் என்று கிளப் முடிவுகட்டிவிட முடியாது. விளையாட்டு அமைப்புகள் தாங்களாகவே நடவடிக்கை எடுத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. நீச்சல் வீரர் கிராண்ட் ஹாக்கெட் தன் பழக்கத்தை வெளிப்படுத்தியதும், 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு தன் அணியினருக்கு ஸ்டில்நாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஜோல்பிடெமைத் தடைசெய்தது. அணியின் நீச்சல் வீரர்கள் சிலர் அந்தத் தடையையும் மீறி அதை எடுத்தது மறு ஆண்டு வெளிவந்தது. உதவி எதுவும் இல்லாமல் தடை மட்டும் போட்டால் பழக்கம் மறைவிடத்துக்குப் போய்விடுகிறது.

கிளப் மருத்துவர் மறுத்ததும் சிலர் இணையத்தை நாடுகிறார்கள். அங்கே டயஜெபாம் என்று விற்கப்படும் போலி மாத்திரைகளில், ஹெராயினைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள நிட்டாஜீன் வகைப் பொருட்கள் பிரிட்டனில் கண்டறியப்பட்டுள்ளன. அச்சு, உறை, நிறம் எதைப் பார்த்தும் அதை அடையாளம் காண முடியாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. பென்சோடயஜெபைன்களும் ஜோபிக்ளோனும் ஜோல்பிடெமும் அந்நாட்டில் மூன்றாம் வகுப்புப் போதைப்பொருட்கள். மருத்துவச் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு ஆண்டு வரையும், பிறருக்குக் கொடுத்தால் பதினான்கு ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க முடியும். பேருந்தில் பக்கத்து இருக்கை நண்பருக்குத் தன் சீட்டு மாத்திரையில் ஒன்றைக் காசு வாங்காமல் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் வழங்கலே.

வீரரின் உரிமைகள், அவர் கிளப்பின் ஊழியர் என்பதிலிருந்து தொடங்குகின்றன. 1974-ஆம் ஆண்டின் பணியிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் தொழிற்சாலைக்குப் பொருந்துவதுபோல் பயிற்சித் திடலுக்கும் பொருந்தும். கால அட்டவணையும் பயணமும் தூக்கத்தைக் கெடுத்து, அதற்கு ஈடாக மாத்திரை தரப்படும் இடத்தில், பழக்கத்தை வீரரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட்டுக் கிளப் கைகழுவ முடியாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், நிறுத்தும்போது என்ன ஆகும், மாற்று வழி என்ன என்பதையெல்லாம் கேட்டறிந்த பிறகே மாத்திரையை ஏற்பதா மறுப்பதா என்று வீரர் முடிவெடுக்கலாம். மருத்துவருக்குச் சம்பளம் தருவது கிளப்பாக இருந்தாலும், அவருடைய நோயாளி வீரர்தான். ஆட முடியுமா, எத்தனை வாரம் ஆகும் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்தால் போதும். நோயின் விவரத்தைப் பகிர வீரரின் ஒப்புதல் தேவை. இதை மீறும் மருத்துவர்மீது பொது மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். தன் மருத்துவக் குறிப்புகளின் படியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீரர் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அலட்சியத்தால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கோர, அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

மருத்துவக் குறிப்புகளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், போதைப் பழக்கத்தை ஊனமாகக் கருதுவதில்லை. அதனால் அப்பழக்கத்தைக் காட்டிப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பைக் கோர முடியாது. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்திலிருந்தே பழக்கம் தொடங்கியிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. முதல் மாத்திரையை யார், எந்த நாளில், எதற்காகக் கொடுத்தார் என்பது பதிவாகியிருந்தால், ஒப்பந்தத்தை முறிக்க வரும் கிளப்புக்கு எதிரே வீரரின் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். சீட்டு இல்லாமல் கையில் திணிக்கப்படும் மாத்திரையை மறுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மீளும் வழி மெதுவானது, ஆனால் நன்கு அறியப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து விழுக்காடு என்ற அளவில் மருந்தைக் குறைப்பது வழக்கம். முழுதாக நிற்க மாதங்கள் ஆகலாம். தூக்கமின்மைக்கான அறிவு–நடத்தைச் சிகிச்சை கூடவே நடக்க வேண்டும். படுக்கையில் கழிக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, விழிக்கும் நேரத்தை மாற்றாமல் வைப்பது, தூக்கம் பற்றிய அச்சத்தைத் தளர்த்துவது ஆகியவை அதன் உட்கூறுகள். நீடித்த தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக முயல வேண்டியது இதுவே என்கின்றன பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள். அடியில் பழைய காயமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கான சிகிச்சை இல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்துவது நிலைக்காது. கிளப்புக்குத் தெரியாமல் உதவி தேட விரும்புபவருக்கு, 1907-இல் தொடங்கிய தொழில்முறைக் கால்பந்து வீரர் சங்கம் இருபத்து நான்கு மணி நேர இரகசியத் தொலைபேசி உதவி தருகிறது. முன்னாள் வீரர்களும் அதை நாடலாம். அர்செனல் அணித்தலைவராக இருந்து, மதுப் பழக்கத்திலிருந்து மீண்ட டோனி ஆடம்ஸ் 2000-இல் நிறுவிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் அமைப்பு, விளையாட்டு வீரர்களுக்கென்றே தங்கிச் சிகிச்சை பெறும் வசதியை நடத்துகிறது. கிளப்பைச் சாராத குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்துகொள்வது ஒவ்வொரு வீரருக்கும் இலவசமாகக் கிடைக்கும் காப்பு.

கிளப்புகள் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி செலவில்லாதது. ஒவ்வொரு மாத்திரைக்கும் சீட்டும் பதிவும் வைக்கலாம். நான்கு வாரம் கடந்தால் கட்டாய மறுபரிசீலனை என்று விதிக்கலாம். இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சியை மதியத்துக்குத் தள்ளலாம். அட்டவணையின் நெருக்கடி மட்டும் கிளப்பின் கைக்கு அப்பாற்பட்டது. ஃபிஃபா தன்னிச்சையாகப் போட்டிகளைப் பெருக்குவதை எதிர்த்து, இங்கிலாந்து, பிரான்ஸ் வீரர் சங்கங்கள் 2024 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான்.

அணித்தோழரும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு: பகலில் சொக்கும் கண், குழறும் பேச்சு, முந்தைய இரவு பேசியதே நினைவில்லாமை, மாத்திரை தீரும் முன் வரும் பரபரப்பு. குற்றம் சாட்டாமல் கேட்டால் பேசத் துணிபவர்கள் அதிகம். எழுப்பியும் எழாதவர், குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வருபவர், உதடு நீலம் பாய்ந்தவர் ஆகியோரைத் தூங்கித் தெளியட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிரிட்டனில் 999-ஐ அழைத்து, என்ன மாத்திரை, எத்தனை, மது சேர்ந்ததா என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையையும் எடுத்துவைத்து, வரும் மருத்துவ ஊழியரிடம் கொடுக்க வேண்டும்.