பொங்கலும் தாங்யுவானும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் நெடுங்காலமாக அண்டை அயலாராய் வாழ்ந்து வருகின்றனர். ஆயினும் தமிழரின் பொங்கலும் சீனரின் டோங்ஜி என்னும் குளிர்காலத் திருநாளும் கதிரவனின் திருப்பத்தையே கொண்டாடுகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

டோங்ஜி டிசம்பர் 21 முதல் 23க்குள் வரும். பூமியின் வடபாதியில் பகல் மிகக் குறுகி, மீண்டும் வளரத் தொடங்கும் நாள் அது. பொங்கலோ, கதிரவன் மகர இராசியில் புகும் தை முதல் நாள். சனவரி 14 அல்லது 15. இதனையே உத்தராயணத் தொடக்கம் என்று மரபு கூறும். கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பரில் என்றால், தையில் கொண்டாடுவானேன்? தமிழர் ஆண்டுக்கணக்கு விண்மீன்களை ஒட்டியது. புவியச்சின் மெல்லிய சுழற்சியால் அக்கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி வந்துள்ளது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒட்டியே நிகழ்ந்தன.

இனி, உணவைக் காண்போம். இரண்டிற்கும் முதற்பொருள் அரிசி, சுவை இனிப்பு. பொங்கலுக்குப் புதிய பச்சரிசி, பால், வெல்லம். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுவர். தாங்யுவானுக்குப் புளுட் எனப்படும் பசையரிசியின் மாவைப் பிசைந்து, வெள்ளையும் சிவப்புமாகச் சிறு உருண்டைகள் பிடிப்பர். இஞ்சியும் பாண்டான் இலையும் இட்ட சர்க்கரைப் பாகில் அவற்றை இடுவர். அங்கே பானைக்கு வெளியே நிற்கும் இஞ்சி, இங்கே பாகினுள் இறங்கிவிடுகிறது!

வேறுபாடும் உண்டு. பொங்கற்பானை முற்றத்தில், கதிரவன் முன்னிலையில் ஏறும். பால் பொங்கி வழிவதே மங்கலம். தாங்யுவானை வீட்டிற்குள் குடும்பத்தார் கூடி அமர்ந்து உருட்டுவர். முன்னோர்க்குப் படைத்தபின் உண்பர். அதனை உண்டால் வயது ஒன்று கூடும் என்பது அவர்தம் நம்பிக்கை. முன்னது வளம் பெருகுவதைக் காட்டும். பின்னது உறவு திரள்வதைக் காட்டும்.

இக்கருத்துகள் அவ்வுணவுகளின் பெயர்களிலேயே அடங்கியுள்ளன. சீனத்தில் 'யுவான்' என்பது உருண்டை; குடும்பம் ஒன்றுகூடுதலைக் குறிக்கும் 'துவான்யுவான்' என்னும் சொல்லிலும் அதுவே நிற்கிறது. தமிழில் 'பொங்கு' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் 'பொங்கல்'. அது பொங்கிய சோற்றைக் குறிக்கும்போது, வற்றல் என்பது போலத் தொழிலாகுபெயர் ஆகிறது. பின்னர் அச்சோற்றைப் படைக்கும் திருநாளுக்கும் பெயராயிற்று.

நிலநடுக்கோட்டை அடுத்த இந்நாடுகளில் பகல் குறுகுவதை எவரும் உணர்வதில்லை. குளிர்காலமும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் தை மாதம் நெல்லறுவடை மாதமும் அன்று. தமிழகத்திலிருந்தும் தென்சீனத்திலிருந்தும் வந்தோர் தம் பருவத்தை உடன்கொண்டு வர இயலவில்லை. உணவையும் அதன் பெயரையுமே கொண்டுவந்தனர். எனவே, பருவம் கற்பிக்க வேண்டியதை இங்கு உணவுதான் கற்பிக்க வேண்டியுள்ளது.

அவ்வுணவும் இன்று மாறி வருகிறது. உருட்டி உறையவைத்த தாங்யுவான் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. உருட்டக் கூடி அமர வேண்டுவதில்லை. மூடிய குக்கரில் வெந்த சர்க்கரைப் பொங்கலும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், அது பொங்குவதைப் பிள்ளை காண்பதில்லை. காணாத பிள்ளைக்குப் 'பொங்கல்' இடுகுறிப்பெயராகவே தோன்றும். தமிழாசிரியர்கள் இதனைக் கருத வேண்டும். ஆகுபெயர்ப் பாடத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி முற்றத்தில் ஒரு பானையை ஏற்றினால், இலக்கணமும் பண்பாடும் ஒருங்கே விளங்கும். சீன மாணவர் உடன் பயிலும் பள்ளியாயின், டோங்ஜி உருண்டையின் பெயர்ப்பொருளை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வது மேலும் நன்று.