பல் மருத்துவரிடம் பப்பாளிக்கு என்ன வேலை?

முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? பப்பாளிக்காயில் ஒரு துண்டு நறுக்கிப் போடுகிறார்கள். கறி மெத்தென்று வெந்துவிடுகிறது. காயின் பாலில் உள்ள பப்பேன் என்னும் நொதியின் வேலை அது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அல்லவா? அச்சங்கிலியைப் பப்பேன் துண்டு துண்டாக வெட்டுகிறது. அன்னாசியிலும் புரோமெலைன் என்ற இத்தகைய நொதி உண்டு.

இந்தக் கத்தரிக்கோலைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஏன் கையிலெடுத்தார்கள்?

கோணல் பல்லை நேராக்கக் கம்பி கட்டிய தோழர் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். கம்பியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டுகள் பல்லின்மேல் ஒட்டப்பட்டவை. ஒன்று கழன்றாலும் மறுபடி ஒட்ட வேண்டும், சிகிச்சையும் நீளும். ஒட்டுவதோ எளிதல்ல. பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. வழவழப்பான அதன்மேல் பசை எதைப் பற்றிக்கொள்ளும்?

சுவருக்குப் பூசுமுன் கொத்தனார் அதைக் கொத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1955-இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர் பல்லுக்கும் அப்படியொரு வழி கண்டார். உலோகத்தின்மேல் வர்ணம் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுவதை அவர் அறிந்திருந்தார். அதே அமிலத்தை, 85 சதவீத அடர்த்தியில், 30 விநாடிகள் எனாமலில் தடவினார். தாது உப்பு அங்கங்கே கரைந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாயின. பிசின் அவற்றுள் இறங்கி இறுகிக்கொண்டது. இன்று சுமார் 37 சதவீதக் கரைசலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் அமிலம் கரைப்பது தாது உப்பைத்தான். புரதத்தை அது நன்றாக அகற்றுவதில்லை. பல்லைத் தேய்த்துக் கழுவிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் மெல்லிய படலமாக அதன்மேல் படிந்துவிடும். சரியாக விளையாத எனாமலிலோ உள்ளேயும் புரதம் மிகுதி. அத்தகைய இடங்களில் குழிகள் சீராக விழுவதில்லை, ஒட்டும் நிலைப்பதில்லை. பல் பலவீனமாக உள்ள குழந்தைக்கே ஒட்டு அடிக்கடி பெயர்கிறது என்றால், அது எவ்வளவு கஷ்டம்!

ஆகவே முதலில் பப்பேன் கலந்த கூழைத் தடவிக் கழுவிவிட்டு, பிறகு அமிலமிட்டுப் பார்க்கிறார்கள். பிடுங்கிய பற்களில் உலோகத் துண்டை ஒட்டி, எவ்வளவு விசையில் பெயர்கிறது என்று கருவியால் அளக்கிறார்கள். சில சோதனைகளில் ஒட்டின் வலிமை கூடியது. சிலவற்றில் வேறுபாடே இல்லை. நொதியின் அடர்த்தியும் தடவும் நேரமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

நீங்கள் பப்பாளிப் பாலைப் பல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டாம், வாய் புண்ணாகிவிடும். வேறொன்று செய்யலாம். ஜெலட்டின் ஜெல்லியை இரண்டு கிண்ணங்களில் கரையுங்கள். ஆறியபின் ஒன்றில் பச்சை அன்னாசித் துண்டும், மற்றதில் நன்றாக வேகவைத்த துண்டும் போட்டுக் குளிர வையுங்கள். முதல் கிண்ணம் இறுகாது. வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடுவதால் இரண்டாவது இறுகும். கடையில் கேட்டு வாங்குங்கள்: கடற்பாசி ஜெல்லி இதற்கு உதவாது, அது புரதமல்ல.