எரியாத விளக்கு

ஆனைமலைத் தொடரின்மேல், தேயிலைத் தோட்டங்களும் சோலைக் காடுகளும் விரவிக் கிடக்கும் மேட்டுநிலம் வால்பாறை. யானைகள் தொன்றுதொட்டு நடமாடிய வழிகள் இன்று தோட்டங்களின் ஊடே செல்கின்றன. அந்திப்பொழுதில் வீடு திரும்பும் தொழிலாளர், வழிவளைவில் யானை நிற்பதை அறியாது எதிர்ப்பட்டு உயிரிழந்ததுண்டு.

இவ்விடரைத் தணிக்க, இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தைச் சார்ந்த ஆனந்தகுமார் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் வனத்துறையோடு கூடி ஒரு முன்னறிவிப்பு முறையை அமைத்தனர். யானைகள் இருக்குமிடம் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் மக்களை எட்டியது. தொலைவிலிருந்தும் தெரியும் இடங்களில் சிவப்பு விளக்குகள் நாட்டப்பெற்றன. கைபேசியில் அழைத்த அளவில் அவ்விளக்கு எரியும். இப்பணிக்காக 2015-ஆம் ஆண்டில் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

இத்தகைய கருவிகளை அமைத்தலினும் பேணுதல் அரிது. ஏன்? வீட்டு விளக்குப் பழுதானால் இருளே அதனை நமக்கு உணர்த்திவிடும். இச்சிவப்பு விளக்கோ, எரியாதிருப்பதே ‘யானை அருகில் இல்லை’ என்பதற்கு அடையாளம். எனவே பழுதுற்ற விளக்கும் நலமுள்ள விளக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பழுதுற்ற விளக்கு வாளா இருக்கவில்லை; அது பொய்யுரைக்கின்றது. அதனை நம்பி ஒருவர் இருளில் நடக்கக்கூடும்.

ஆதலின், ஆளில்லா இடத்துக் கருவிகளைப் பேணுவோர் அவற்றின் மௌனத்தை நம்புவதில்லை. ‘நலமாக உள்ளேன்’ என்னும் சிறு செய்தியைக் குறித்த நேரந்தோறும் கருவியே அனுப்புமாறு அமைப்பர். இதற்கு இதயத்துடிப்பு என்று பெயர். மின்கலத்தில் எஞ்சியுள்ள ஆற்றலையும் அச்செய்தியிலேயே சேர்த்தனுப்பலாம். துடிப்பு நின்றால், காரணம் தெரியாவிடினும் ஆள் புறப்பட வேண்டும். பெருமழை பெய்யும் மலையில் ஈரம் புகுந்து இணைப்புகள் துருப்பிடிக்கும். சிம் அட்டைக்குப் பணம் கட்ட மறந்தாலும் கருவி ஊமையாகிவிடும். அறிவியலுக்கும் இத்தகைய சில்லறைத் தொல்லைகள் உண்டு!

கோவையை அடுத்த மதுக்கரையில், இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிய 2024-இல் ஓர் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. அங்குள்ள 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் படக்கருவிகள் உள்ளன. பொதுவாக, இத்தகைய படங்களைத் தொலைவிலுள்ள கணினிக்கூடத்துக்கு அனுப்பியும் ஆராயலாம். படக்கருவியின் அருகிலேயே சிறு கணினி வைத்தும் ஆராயலாம். முன்னதை ‘மேகம்’ என்பர். உண்மையில் அது மண்ணில் நிற்கும் கட்டடமே. அங்கே குளிர்சாதனமும் காவலரும் உண்டு. ஆனால் இடையில் தொடர்பு அறுந்தால் பயனில்லை. பின்னது விரைவானது, எனினும் வெயிலையும் தூசியையும் அதுவே தாங்க வேண்டும். சிலந்தி படக்கருவியின் முகப்பில் வலை பின்னினால், ஏணியும் துணியும் கொண்டு ஒருவர் ஏறத்தான் வேண்டும்.

கணினிக்குரிய மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் எல்லாக் கருவிகளிலும் ஒருசேர மாற்றுதல் தகாது. புதியதில் பிழையிருப்பின் எல்லாக் கண்களும் ஒரே இரவில் மூடிக்கொள்ளும். முதலில் ஒரு கருவியில் மட்டும் மாற்றி, சில இரவுகள் கண்காணித்து, பின்னரே மற்றவற்றைத் தொடுவர்.