மாத்திரையைச் சேமித்து வைக்க முடியாது

“மாத்திரைய இப்பவே ஆரம்பிச்சிடாதீங்க சார். நாலஞ்சு வருஷத்துல அது வேலை செய்யாமப் போயிடும். முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடுங்க.” நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் வந்து இப்படிச் சொல்லிவிட்டுப் போவார். என்னிடமும் சொன்னார்கள். நான் வேடந்தாங்கலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து மாத்திரையைத் தொடங்கியவன். இந்த யோசனை எத்தனை பேரை வீணாகத் துன்பப்படுத்துகிறது என்பது தெரிந்ததால் எழுதுகிறேன்.

எனக்கு வலது கையில் தொடங்கியது. கை மடியில் சும்மா கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் அசையும். டம்ளரை எடுத்தால் நின்றுவிடும். எழுத்துதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஏரிக்கு வரும் பறவைகளைச் சீசன்தோறும் நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். “நத்தைகுத்தி நாரை” என்று எழுதினால், “நத்தை” ஒழுங்காக இருக்கும். “நாரை”க்கு வரும்போது எழுத்து சுருங்கி, எனக்கே படிக்க வராது. பிறகு சட்டைப் பித்தான் போட மனைவி தேவைப்பட்டார். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வந்தது.

மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய். டோபமைன் குறைந்தால் உடல் இறுகும், அசைவு மந்தமாகும், கை நடுங்கும். டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா என்ற மருந்து போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே வீணாகாமல் இருக்க கார்பிடோபாவைச் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருகிறார்கள்.

இந்த லெவோடோபாவுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. பூனைக்காலி விதையில் அது இருப்பதை 1937-இல் சென்னையில் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இரு வேதியியலாளர்கள். அப்போது அதன் மருத்துவப் பயன் யாருக்கும் தெரியாது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய்வழி மருந்தாக அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். அதற்காக நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி நாமே தின்னக் கூடாது. ஒரு கரண்டிப் பொடியில் மருந்து எவ்வளவு இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

“மாத்திரையின் பலன் தீர்ந்துபோகும்” என்ற பயம் எங்கிருந்து வந்தது? சில ஆண்டுகள் போனதும் பலருக்கு அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் பலன் இறங்கிவிடுகிறது. சிலருக்கு உடல் தானாக நெளிகிறது. பழி மாத்திரையின் மேல் விழுந்தது. கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால், நோய் தொடங்கிச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே லெவோடோபா கொடுத்தார்கள். இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் சொச்சத்தில் தொடங்கினார்கள். ஆனால் இந்தத் தொல்லைகள், நோய் வந்ததிலிருந்து கணக்கிட்டால், இரு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வந்தன. செல்கள் குறையக் குறைய, வந்த மருந்தைத் தேக்கி வைக்க மூளைக்கு இடமில்லாமல் போகிறது. குளம் தூர்ந்தால் மழைநீர் தங்காததுபோல். மருந்தின் அளவு அதிகமானாலும் தொல்லை கூடும். காத்திருந்தவர்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகள் கஷ்டத்தில் கழிந்ததுதான் மிச்சம்.

அப்படியானால் நோய் தெரிந்த அன்றே விழுங்க வேண்டுமா? அவசியமில்லை. நெதர்லாந்தில் 445 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனேயும் மறு பாதிக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா கொடுத்தார்கள். 2019-இல் வந்த முடிவுப்படி, 80-ஆவது வாரத்தில் இரு பிரிவினரிடமும் வித்தியாசம் இல்லை. முன்னே தொடங்கியதால் நோய் மட்டுப்படவில்லை, கெடுதலும் நேரவில்லை. ஆகவே நாளைத் தீர்மானிக்க வேண்டியது காலண்டர் அல்ல, நம் அன்றாட வாழ்க்கை.

செங்கல்பட்டில் நான் பார்த்த நரம்பியல் மருத்துவர் கேட்ட கேள்வியும் அதுதான். “எவ்வளவு நடுங்குதுன்னு விடுங்க. எந்த வேலையைச் செய்ய முடியலை? எதை விட்டுட்டீங்க?” எழுத்தை, கல்யாண வீட்டுப் பந்தியை, ஏரிக்கரை நடையை விட்டிருந்தேன். “அப்போ நேரம் வந்தாச்சு” என்றார். இன்னொருவருக்கு லேசான நடுக்கம் மட்டும் இருந்து வேலை எதுவும் தடைபடாவிட்டால், உடற்பயிற்சியோடு காத்திருக்கலாம். தையல்காரருக்கோ வலது கையின் சிறு மந்தமே பிழைப்பைக் கெடுக்கும்.

வயதும் கணக்கில் வரும். இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு உடல் நெளியும் தொல்லை அதிகம் என்பதால், பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற வேறு மருந்துகளை மருத்துவர் முதலில் யோசிக்கலாம். அவற்றால் சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத ஆசைகள் எழும். பகலில் திடீர்த் தூக்கமும் வரும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் லெவோடோபாவே முதல் தேர்வு.

மருத்துவரிடம் போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவையே இதே நடுக்கத்தை உண்டாக்கக்கூடும். அப்படி இருந்தால், மருத்துவர் சொன்னபடி அதை விட்டாலே நடுக்கம் குறையலாம்.

தொடங்கும்போது குறைந்த அளவு. பிறகு மெல்லக் கூட்டுவார்கள். குமட்டலும், எழுந்ததும் தலை கிறுகிறுப்பதும் வரலாம். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட்டால் மருந்து நன்றாக ஏறும். பருப்பு, மீன், முட்டையில் உள்ள புரதம் சிலருக்கு அதைத் தடுக்கும். ஒருபோதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், அவர் ஒரு வருடத்தில் கைவிட்ட வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். தாமே செய்வதாக அவர் சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் செய்து கொடுப்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவர் முன் வைத்து, “இதில் எதையெல்லாம் திரும்பப் பெறலாம்?” என்று கேளுங்கள். எப்போது தொடங்குவது என்ற பேச்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.