சாணத்துக்கு எத்தனை பாகை?

சூரிச்சில் பச்சைத் தொட்டிக்குள் நாம் போடும் மரக்கறிக் கழிவும் பழத்தோலும் வேர்ட்ஹோல்ஸ்லி நிலையத்துக்குப் போகின்றன. 2013இல் தொடங்கிய அங்கே, காற்றுப் புகாத தாங்கிக்குள் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவை உக்கி, வரும் வாயு சுத்திகரிக்கப்பட்டு நகர எரிவாயுக் குழாயில் சேர்கிறது. ஆனால் மாட்டுச் சாணக் கரைசலில் வாயு எடுக்கும் பண்ணைகள் பலவும் 40 பாகை அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. கூடிய சூடு நல்லதென்றால் அவர்கள் ஏன் கூட்டவில்லை?

தாங்கிக்குள் வேலை செய்பவை நுண்ணங்கிகள். ஒரு கூட்டத்துக்கு 35 முதல் 40 பாகை பிடிக்கும், இன்னொன்றுக்கு 50 முதல் 57. நடுவே 45 பாகையளவில் இரண்டுமே சோர்ந்துவிடும். சூட்டில் வேலை விரைவாக முடியும், அதனால் சிறிய தாங்கி போதும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் செத்துப்போகும். எஞ்சுவதைப் பசளையாக வயலுக்குக் கொடுக்கும் நகர நிலையத்துக்கு இது பெரிய வரவு.

இனிச் செலவுப் பக்கம். கணக்காளனுக்குக் கண் அங்கேதான் போகும். 10 பாகையில் வரும் ஒரு தொன் கரைசலை, தண்ணீரைப் போலக் கணக்கிட்டால், 37க்கு ஏற்ற சுமார் 32 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். 55க்கு ஏற்ற 53. ஒரு தொன் சமையலறைக் கழிவு சுமார் 100 கன மீற்றர் வாயு, அதாவது 600 கிலோவாற்று மணி அளவில் தரும். அதில் 53 பெரிய தொகையல்ல. மாட்டுச் சாணக் கரைசல் தருவதோ அதில் நாலில் ஒரு பங்குதான். மூன்றில் ஒரு பங்கு வருமானம் சூடேற்றவே போய்விடும். சூடு கூட்டினால் வேகம்தான் கூடும். போதிய நாள் விட்டால் கடைசியில் கிடைக்கும் வாயு பெரிதாக மாறாது.

கோழி எரு போன்ற புரதம் கூடிய கழிவில் இன்னொரு சிக்கல். அதிலிருந்து வரும் அமோனியா, சூடு ஏற ஏற நுண்ணங்கிகளுக்கு நஞ்சான வடிவத்துக்கு மாறும்.

எந்த வெப்பமானாலும் அது நிலையாக இருக்கவேண்டும். அமிலம் உண்டாக்கும் நுண்ணங்கிகள் கொஞ்சம் முரடு. அந்த அமிலத்தைத் தின்று மெதேன் தருபவை செல்லப்பிள்ளைகள். 55 பாகைத் தாங்கி ஒரே நாளில் இரண்டு மூன்று பாகை இறங்கினாலே அவை பின்தங்கக்கூடும். அமிலம் தேங்கி, இரவு முழுக்க விட்ட தோசை மாப் போல எல்லாம் புளிக்கும். அதைச் சரிப்படுத்த வாரக்கணக்காகும்.

ஊரில் சாணக்குழிக்கு யாரும் சூடேற்றுவதில்லை, நிலமே 28 பாகையளவில் இருக்கிறது. இங்கே பல பண்ணைகள் வாயுவில் இயந்திரம் ஓட்டி மின்சாரம் விற்று, இயந்திரத்தின் கழிவு வெப்பத்தால் தாங்கியைச் சூடாக்குகின்றன. யூலையில் அந்த வெப்பத்தை வாங்க ஆளில்லை, செலவில் எழுதத் தேவையில்லை. சனவரியில் பக்கத்து வீடுகள் அதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கும்போது, தாங்கிக்குள் போகும் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு விலை உண்டு.