'வாலட்டைல்' – ஒரு சொல், பல பொருள்

இரசாயனக் கூடத்துப் புட்டியின் மேல் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது: 'வாலட்டைல்'. பங்குச் சந்தைச் செய்தியிலும், கணிப்பொறிப் பாடத்திலும், ஒருவருடைய குணத்தைப் பற்றிய பேச்சிலும் அதே சொல் வருகிறது. 'நிலையற்ற' என்று ஒரே தமிழ்ச் சொல்லை எங்கும் வைத்துவிடலாமா? கூடாது, சில இடங்களில் அது ஆபத்தாகவே முடியும்.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். அங்கே 'வொலாரே' என்றால் பறத்தல். இரசாயனத்தில் பறப்பது ஆவி. திறந்து வைத்த கற்பூரம் நாளுக்கு நாள் தேய்வதை நம் வீட்டுப் பூசை மாடத்தில் பார்த்திருக்கிறோம். அதுவே இக்குணம். ஈதர் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். தில்லியின் மே மாத வெயிலுக்கு அதுவே மிகுதி!

ஆனால், எளிதில் ஆவியாவது வேறு, நிலையற்றிருப்பது வேறு. அசெட்டோன் விரைவில் ஆவியாகும்; அந்த ஆவியைக் குளிரவைத்தால் அதே அசெட்டோன் திரும்பக் கிடைக்கும். நைட்ரோகிளிசரினோ மெல்லத்தான் ஆவியாகும். அதிர்ச்சி பட்டாலோ வெடித்துவிடும். அதுதான் நிலையற்றது. ஈதரை 'நிலையற்றது' என்று மட்டும் கேட்ட மாணவன், அதை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுபோய் அடுப்பருகே வைத்துவிடுவான்! அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசை மீது தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள தீயையும் பற்றிக்கொள்ளும்.

கணிப்பொறியில் மின்சாரம் நின்றதும் உள்ளடக்கத்தை இழக்கும் நினைவகத்துக்கு இப்பெயர். 'சி' மொழியில் இதே சொல் ஒரு கட்டளை: 'இம்மதிப்பு வெளியிலிருந்தும் மாறலாம், பழையதை நம்பாதே, ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி' என்பது அதன் கருத்து.

சந்தையில் இதன் பொருள் ஏற்ற இறக்கத்தின் அளவு. 100 ரூபாய்ப் பங்குகள் இரண்டு, ஆண்டு முடிவில் 110 ஆகின்றன என்று கொள்வோம். ஒன்று படிப்படியாக ஏறியது. மற்றது 70-க்கு விழுந்து, 130-க்குத் தாவி, பின் 110-இல் வந்து நின்றது. இலாபம் ஒன்றே, ஆயினும் இரண்டாவதைத்தான் இச்சொல்லால் குறிப்பர்.

மனிதரைச் சொல்லும்போது, நொடியில் சிரித்து நொடியில் சீறுபவர் என்று பொருள். நம் 'முன்கோபி' இதில் பாதிதான்.

ஆகவே, மொழிபெயர்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே மாறுவது எது? திரவமா, தகவலா, விலையா, மனமா? விடை தெரிந்தால் தமிழ்ச் சொல் தானே வரும். புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு ஈதர்ப் புட்டியைக் காட்டி, 'இது எளிதில் ஆவியாகும். தீயை அண்டவிடாதே' என்று சொல்லுங்கள். அகராதிப் பொருளைவிட அந்த எச்சரிக்கையே அவர்களைக் காக்கும்.